சத்தியக்கடதாசி

பாலையூற்று, திருகோணமலையைச் சேர்ந்த
யோசப் டெரன்ஸ்லி ஆகிய நான்
உண்மையாகவும் பயபக்தியாகவும் வெளிப்படுத்துவது யாதெனில் –

இவ்வளவும் கேட்காமலே தட்டிவிடுவேன்.
காணிக்காரருக்கும், பேரில் ஓரெழுத்துப் பிழைத்தவருக்கும்
இதுவரைக்கும் ஒரே வாக்கியம்தான்.
இனி நீங்கள் சொல்லுங்கோ, தம்பி.

வலது கை மேசைக்குக் கீழே இருக்கிறது.
மின்விசிறி தாளைத் தூக்க
இடது கை ஓடி வந்து அமத்துகிறது,
புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெடியனைப் போல.

"படுக்கை விரிப்பு அக்கா. ஒரு நாளைக்கு நாலாயிரம்.
உருளை சூட்டோட உள்ள இழுக்கும்.
மூலை மடிஞ்சா கையால எடுக்கச் சொல்லுவாங்க.
மெசினை நிப்பாட்டினா சூப்பர்வைசர் நேரம் எழுதுவான்.
பதின்மூண்டாவது மணித்தியாலம்.
மடிஞ்சிச்சு.
எடுத்தன்."

மேற்படி தினத்தன்று மேற்படி இயந்திரத்தில்
என்று தட்டிக்கொண்டு போகிறேன்.
'எடுத்தன்' வரும் இடத்தில் விரல் நின்றுவிடுகிறது.

வாசலில் ஒரு மான்
நேற்று எறிந்த போட்டோக்கொப்பிகளைச் சப்புகிறது.
துறைமுகத்துக்குள் வெள்ளையாய் ஒரு கப்பல்.
வெள்ளைக்காரர் பஸ் ஏறிக் கோணேசர் மலைக்குப் போகிறார்கள்.
அவர் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.
அந்தக் கப்பலிலும் தண்ணீருக்குக் கீழே
சன்னல் இல்லாத ஒரு தளம் இருக்கும்.

ஒப்பந்தம் முப்பத்தொரு பக்கம்.
கொடி ஒரு தீவினுடையது, அதை இவர் கண்டதே இல்லை.
கம்பனி இன்னொரு நாட்டில்.
வழக்கென்றால் மூன்றாவது நாட்டில்,
ஒரு நடுவர் முன்னால், மூன்று வருடத்துக்குள்.
இருபத்தாறாம் பக்கத்தில் ஓர் அட்டவணை:
பெருவிரலுக்கு இத்தனை வீதம், சுட்டுவிரலுக்கு இத்தனை.
வாழைச்சீப்பைச் சீப்பாய் எடுத்தால் ஒரு விலை,
பழம் பழமாய்ப் பிய்த்தால் இன்னொன்று.
அவர்கள் பிய்த்துத்தான் எண்ணியிருக்கிறார்கள்.

'இனிமேல் தேறாது' என்று
கம்பனி டொக்டர் எழுதிய நாளோடு
மருந்துக்காசும் நின்றது.
தேறாதென்றால் கூடவல்லவா தரவேண்டும்?
கிண்ணியாவிலிருந்து வரும் சட்டத்தரணி றிஸ்மியாவிடம் கேட்டேன்.
"அதைத்தான் நாமளும் கேக்கப்போறம்" என்றா.

பன்னிரண்டு வருடமாய்த் தாள் அடுக்குகிறவள் நான்.
வாசிப்பதில்லை, அடுக்குவேன்.
திகதிப்படி அடுக்கும்போதுதான் கண்ணில் பட்டது.

இணைப்பு 'ஆ', கப்பலில் எழுதிய வாக்குமூலம்.
என் கவனக்குறைவே காரணம்.
மார்ச் பதினாலு, மாலை ஆறு நாற்பது.
கீழே கையொப்பம், வால் நீண்டு, நடுக்கமில்லாமல்.

இணைப்பு 'ஈ', கரையில் ஓர் ஆஸ்பத்திரியின் துண்டு.
மார்ச் பதினாலு. ஐந்தே காலிலிருந்து ஒன்பதரை வரை
சத்திரசிகிச்சை. முழு மயக்கம்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.
"என்ட கையெழுத்துத்தான் அக்கா.
எந்தக் கையால வச்சன்?"

இதற்கு நான் 'மேற்படி' போடவில்லை.
அவர் கேட்டபடியே தட்டினேன்,
கேள்விக்குறியோடு.
றிஸ்மியா மிஸ் வெட்டினால் வெட்டட்டும்.

பின்னேரம் சமாதான நீதவான் கந்தவனம் ஐயா
வாசித்து, கண்ணாடியை ஏற்றி,
இங்க வையுங்கோ என்று விரலால் காட்டினார்.
இடது கை பேனையை இறுக்கிப் பிடித்தது.
யோ ஒரு பக்கம், சப் ஒரு பக்கம்,
டெரன்ஸ்லி கோட்டைவிட்டு இறங்கி நின்றது.

ஐயா அடையாள அட்டையைப் பார்த்தார்.
திரும்பத் தாளைப் பார்த்தார்.
"இது ஒத்துவரேல்லையே தம்பி.
அட்டையில கிடக்கிற மாதிரிப் போடுங்கோ."

அப்போதுதான் வலது கை
மேசைக்கு மேலே வந்தது.

ஐயா ஒன்றும் சொல்லவில்லை.
முத்திரையை மையில் ஒற்றி, இரண்டு தரம் குத்தினார்.

இன்னும் மூன்று மாதமும் பதினொரு நாளும் இருக்கிறது.
தபாற்கந்தோர் நாலு மணிக்குப் பூட்டிவிடும்.
ஓடுங்கோ என்றேன்.